பாதயாத்திரைக்கு நாள் குறிப்பது விடுமுறையா, பருவமா?

மார்கழி பிறந்துவிட்டால் மலேசியத் திருநாட்டின் முருகன் ஆலயங்களில் இரண்டு விதமான பேச்சுகள் ஒரே நேரத்தில் எழுவது வழக்கம். தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் எங்கே போடுவது, அன்னதானத்திற்கு அரிசி எத்தனை மூட்டை, இரதத்துடன் செல்லத் தொண்டர்கள் போதுமா என்பது ஒன்று. இவ்வாண்டு பழனிக்கு நடந்து செல்வோர் யார் யார், எப்போது புறப்படுவது என்பது மற்றொன்று. முதற் பேச்சுக்கு ஆலய நிர்வாகம் கூட்டம் கூட்டுகிறது. குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. இரண்டாவது பேச்சோ பெரும்பாலும் ஆலயத்து வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த வாசற்படிப் பேச்சில் நாள் எவ்வாறு குறிக்கப்படுகிறது என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும். விமானக் கட்டணம் எந்த மாதத்தில் குறைவு? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை எப்போது? முதலாளி எத்தனை நாள் விடுப்புக் கொடுப்பார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தவுடன் பயணச்சீட்டு வாங்கப்படுகிறது. அந்த நாட்களில் அங்கே வெயில் எப்படி, மழை எப்படி, நடப்பவரின் உடல்நிலை எப்படி என்பவை கடைசியாகக் கேட்கப்படும் கேள்விகள்; பல நேரங்களில் கேட்கப்படாத கேள்விகள். பேருந்தில் சென்று மலையேறித் தரிசித்துத் திரும்புவோருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆறு நாள், ஏழு நாள் வெறுங்காலுடன் சாலையில் நடப்போருக்கோ இது உயிரோடும் உறுப்போடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் ஆலயத்தின் தொண்டர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், மகனுக்கு விடுப்புக் கிடைத்தது பங்குனியில்தான் என்பதால் அம்மாதத்தில் பழனிக்கு நடந்தார். அவருக்கு நெடுநாளாக இனிப்புநீர் வியாதி. கால் மரத்துப்போயிருந்ததால் தார்ச்சாலையின் சூடு அவருக்கு உறைக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை கால் கழுவ அமர்ந்தபோதுதான் பாதம் வெந்து தோல் உரிந்திருப்பதை மகன் கண்டார். மீதி வழி வாகனத்தில். ஊர் திரும்பியபின் பல வாரம் மருத்துவமனையில். அவர் பக்தியில் குறை காண எவராலும் இயலாது. குறை, நாள் குறித்த முறையில் இருந்தது. அதே பெரியவர் தையில் நடந்திருந்தால், அல்லது பங்குனியில் நண்பகலுக்கு முன் நடையை நிறுத்தியிருந்தால், அந்தத் துன்பத்தைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

பழனிக்கு எந்தப் பருவத்தில் நடக்க வேண்டும் என்பதை முன்னோர்கள் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. அவர்கள் வகுத்த வழக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்தாலே விடை தெரியும்.

முதலில், தை. செட்டிநாட்டு நகரத்தார்கள் சுமார் நானூறு ஆண்டுகளாகத் தைப்பூசத்தை ஒட்டிக் காவடி சுமந்து பழனிக்கு நடந்து வருகின்றனர். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் சீமையைக் கடந்து பழனியை அடையும் அந்த வழி சற்றேறக்குறைய 150 கிலோமீட்டர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழில் செய்ய வந்த நகரத்தார்கள்தான் 1857இல் பினாங்கிலும் 1859இல் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்கு ஆலயம் எழுப்பினர் என்பதையும், அத்திருப்பெயர் பழனி ஆண்டவனின் பெயரே என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஆக, இந்நாட்டுத் தைப்பூச வழிபாட்டிற்கும் அந்த 150 கிலோமீட்டர்ப் பாதைக்கும் உறவு புதிதன்று.

இத்தனை நீண்ட நடைக்குத் தை மாதத்தை ஏன் தேர்ந்தார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓயத் தொடங்குகிறது. வழியிலுள்ள குளங்களும் கிணறுகளும் நிறைந்திருக்கும். அறுவடை முடிந்து களஞ்சியத்தில் நெல் சேர்ந்திருக்கும். வழிப்போக்கருக்கு அன்னமிட ஊராருக்கு மனமும் இருக்கும், கையில் பொருளும் இருக்கும், உழவு வேலையிலிருந்து ஓய்வும் இருக்கும். விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டிய பனிக்குளிர். நண்பகலில் 30 டிகிரியை ஒட்டிய வெயில். இதற்குமேல் நிலவும் துணை நிற்கிறது. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், ஆறேழு நாளுக்கு முன் புறப்படுவோருக்கு வளர்பிறை நிலவு அந்திப் பொழுதிலிருந்தே வழிகாட்டும். நாளாக நாளாக அதன் ஒளியும் கூடும், அது வானில் நிற்கும் நேரமும் கூடும். மின்விளக்கில்லாத காலத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறென்ன இருந்திருக்க முடியும்?

அடுத்து, பங்குனி. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியதே. எனவே நிலவில் குறைவில்லை. மாறுவது வெயில். நண்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இக்காலத்தில் கொங்கு நாட்டு அடியார்கள் கொடுமுடியில் காவிரி நீரை முகந்து, தீர்த்தக் காவடியாகச் சுமந்து பழனிக்கு வருவது தொன்றுதொட்ட வழக்கம். கோடையில் தகிக்கும் மலைமேல் நிற்கும் ஆண்டவனைக் குளிர்விக்கக் காவிரி நீர் என்பது அவர்கள் கருத்து. கொடுமுடியிலிருந்து பழனி சுமார் 80 கிலோமீட்டர். குன்றக்குடி வழியில் ஏறக்குறையப் பாதி.

அதற்கும் அடுத்து, அக்கினி நட்சத்திரம். சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் பழனியில் மலையை வலம் வரும் விழா நடைபெறுகிறது. காலையிலும் மாலையிலும் கிரிவீதியைச் சுற்றி வருவதே அந்த நாட்களின் வழிபாடு. அந்தச் சுற்று மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். பனிக்காலத்தில் 150 கிலோமீட்டர். வெயில் ஏறும்போது 80 கிலோமீட்டர். வெயில் உச்சத்தில் நிற்கும்போது காலையும் மாலையும் மலையைச் சுற்றி மட்டும். வெயில் ஏற ஏற நடை சுருங்குகிறது. பக்தி ஒன்றுதான், நடையின் அளவைப் பருவத்துக்குத் தக்கபடி அமைத்துக்கொண்டார்கள். பங்குனியிலும் தொலைதூரத்திலிருந்து நடந்து வருவோர் உண்டு என்பது உண்மையே. அவர்கள் அந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து, குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து விமானம் ஏறிச் செல்வோர் அளவு எடுப்பது பொருந்தாது.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கந்த சஷ்டி வரும் ஐப்பசியில் ஆறு நாள் விரதத்தையே அடியார்கள் பெரிதாகப் போற்றுகிறார்கள். ஈரத்தில் ஊறிய பாதம் ஒரே நாளில் கொப்புளம் கண்டுவிடும். சாலையோரத்துச் சேறு நடப்பவரைச் சாலையின் நடுவே தள்ளும். மழைத்திரையில் வாகன ஓட்டிக்கு ஆள் தெரியாது. நெடுவழி நடைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் உகந்தவை அல்ல.

‘தாத்தா காலத்தில் எல்லா மாதமும் நடந்தார்களே’ என்று சிலர் வாதிடுவதுண்டு. தாத்தா நடந்த சாலை வேறு. அன்று மண் தடம். இருபுறமும் புளியும் ஆலும். இன்று தார், சாலைகளை அகலப்படுத்தியபோது மரங்கள் பல வெட்டப்பட்டுவிட்டன. காற்றில் 36 டிகிரி வெப்பம் இருக்கும்போது நிழலில்லாத தார்ச்சாலை 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அன்று எதிரே வந்தது மாட்டுவண்டி. இன்று வருவது கனரக லாரி. திண்டுக்கல் பழனிச் சாலையில் பாதயாத்திரை பக்தர்களுக்கென ஓரத்தில் நடைபாதை போடப்பட்டிருப்பது பெரிய உதவி. ஆயினும் வழி முழுவதும் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. எனவே, முன்னோர் காலத்தைவிட இக்காலத்தில்தான் பருவம் பார்த்து நடக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

இந்நாட்டவரின் உடல்நிலையையும் கருத வேண்டும். மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெப்பந்தான். ஆகவே வெயில் தங்களை ஒன்றும் செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். இங்குள்ள காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை சட்டையை நனைக்கும்போதே தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்குள்ள வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடம்பு நீரை இழப்பதே தெரியாது. தலைசுற்றிய பிறகுதான் உணர்வார்கள். அன்றியும், 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அந்நோய் மேலும் அதிகம். நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் வெறுங்காலுடன் புறப்படுவது தகாது. மென்மையான காலணி அணிந்து நடப்பதால் நேர்த்திக்கடன் குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை.

ஆக, தை மாதமே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கேதான் மலேசிய பக்தருக்கு ஒரு தர்மசங்கடம் எழுகிறது. 1892ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. பினாங்கிலும் ஈப்போவிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் அன்றுதான் ஆலயங்களுக்குப் பெருநாள். பழனிக்கு நடக்கும் அளவுக்கு உறுதியும் ஆர்வமும் உள்ளவர் யாரோ, அவரே பெரும்பாலும் உள்ளூர் ஆலயத்தின் தூணாகவும் இருக்கிறார். அன்னதானக் கூடத்தில் அண்டா தூக்குபவர் அவர். கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர் அவர். விழா முடிந்த மறுநாள் குப்பை அள்ளுபவரும் அவரே. அத்தகைய பத்துப் பேர் ஒன்றாகப் பழனிக்குப் புறப்பட்டுவிட்டால் இங்கே யார் இருப்பது? இந்தச் சங்கடத்தினாலேயே பலர் நடைப்பயணத்தைப் பங்குனிக்கோ சித்திரைக்கோ தள்ளிப்போடுகின்றனர். அப்படித் தள்ளிப்போடும்போது கடமை காப்பாற்றப்படுகிறது, உடம்பு கைவிடப்படுகிறது.

இதற்கு வழி, முன்னோர் வழக்கத்திலேயே இருக்கிறது. சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் நூற்றாண்டுகளாகப் பழனிக்குக் காவடி எடுத்து வருகின்றனர். அவர்கள் மலையை அடைவது தைப்பூசத்தன்று அல்ல. பூசம் கழிந்த சில நாட்களில். மலைமேல் ஓர் இரவு தங்கி வழிபடும் உரிமையும் அவர்களுக்குத்தான் உண்டு. பூசத்தன்று வந்து சேரவில்லை என்பதால் அவர்களுடைய காவடி சிறப்பில் குறைந்ததாக எவரும் கருதுவதில்லை. தை மாதத்தில் நடப்பது வேறு. பூச நாளன்று சென்று சேர்வது வேறு. நெடுநடைக்கு உகந்தது தைப் பருவம் முழுவதும். பூசம் அதன் ஒரு நாள்.

இதை மனத்தில் கொண்டு ஓர் எளிய கணக்கைக் கடைப்பிடிக்கலாம். தைப்பூசம் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. 2024இல் ஜனவரி 25. 2025இல் பிப்ரவரி 11. 2026இல் பிப்ரவரி 1. ஜனவரியிலேயே பூசம் வந்துவிடும் ஆண்டுகளில், உள்ளூர் விழாவை முடித்துக்கொண்டு புறப்படலாம். தை முடிய இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும். பூசம் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தில் வரும் ஆண்டுகளில், பொங்கல் கழிந்து ஓரிரு நாளில் புறப்பட்டு, நடையை முடித்து, பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஊர் திரும்பித் தொண்டில் சேரலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் மாசியின் முதல் வாரம் வரை தாராளமாக நடக்கலாம். அதுவரை வெயில் கடுமை கொள்வதில்லை. பொங்கலை ஒட்டிப் புறப்படுவோர் மட்டும் ஒரு மழையங்கியை மூட்டையில் வைத்துக்கொள்வது நல்லது. சில ஆண்டுகளில் பருவமழை தை பிறந்த பின்னும் விட்டுவிட்டுத் தூறும்.

இவ்வாறு நடப்போர் சிலவற்றை இழப்பார்கள். அவற்றை மறைக்கத் தேவையில்லை. பூசத்தை ஒட்டிய நாட்களில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பெருவெள்ளம் இருக்காது. வழிநெடுக அன்னதானப் பந்தல் இருக்காது. போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் காவலர் இருக்கமாட்டார்கள். எனவே தங்குமிடத்தையும் உணவையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். குழுவோடு ஒரு வாகனம் மெதுவாக வர வேண்டும். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்புறமாக நடக்க வேண்டும். முதுகிலும் கைத்தடியிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். பௌர்ணமிக்குப் பிந்திய நாட்களில் அந்தியில் இருள் சூழும். ஆனால் தேய்பிறை நிலவு விடியும்வரை வானில் நிற்கும். ஆகவே மாலை நடையைக் குறைத்து, அதிகாலை 4 மணிக்கு நடையைத் தொடங்குவதே உத்தமம். இழப்புகளுக்கு ஈடாக ஒரு பேறும் உண்டு. மலைமேல் நெரிசலின்றி, ஆண்டவனின் திருமுகத்தை நின்று காணலாம்.

பூசத்தன்றே சென்று சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அவ்வாறே செல்லட்டும். ஆனால் உள்ளூர் ஆலயத்தில் தங்கள் பொறுப்பை இன்னாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று நிர்வாகத்திடம் மார்கழியிலேயே சொல்லிவிட்டுச் செல்வது முறை. பங்குனியைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், முன்னோர் காட்டியபடி நடையைச் சுருக்கிக்கொள்ளட்டும். திண்டுக்கல்லிலிருந்து நடந்தால் சுமார் 60 கிலோமீட்டர்தான். காலை பத்து மணிக்குள் நடையை நிறுத்தி, மாலை ஐந்து மணிக்குமேல் தொடர்ந்தால் அதுவும் நிறைவான யாத்திரையே.

யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஆதரவளிக்கும் புரவலர்களுக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. முதலாவது, நடைப்பயணத் தேதியைப் பருவம் பார்த்து ஆறு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தொழிலாளியும் விடுப்புக்கு மனுச் செய்ய முடியும். பயணச்சீட்டும் மலிவாகக் கிடைக்கும். விடுப்புக்காகப் பருவத்தை மாற்றும் நிலை வராது. இரண்டாவது, பெயர் கொடுப்போரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நடக்கலாகாது என்று மருத்துவர் சொன்னவரை வாகனத்தில் அழைத்துச் சென்று மலையடிவாரத்தில் மட்டும் நடக்கவைக்கலாம். மூன்றாவது, மூன்று மாதம் முன்பிருந்தே வாரந்தோறும் நடைப்பயிற்சி நடத்த வேண்டும். 5 கிலோமீட்டரில் தொடங்கி 20 கிலோமீட்டர் வரை பழகாதவர், நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் வீதம் ஆறு நாள் நடப்பது எளிதன்று. பேருந்துக்கும் பட்டு வேட்டிக்கும் நன்கொடை அளிக்கும் புரவலர்கள், இந்தப் பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் சில நூறு வெள்ளி ஒதுக்கினால் அதுவும் திருப்பணியே.

‘எல்லாம் முருகன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்வோர் உண்டு. பார்த்துக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. பனியைத் தையில் வைத்தவனும், அறுவடையை அதற்கு முன் வைத்தவனும், நிலவைப் பூசத்தோடு சேர்த்து வைத்தவனும் அவனே. அவன் திறந்துவைத்த வழியில் செல்லாமல், விமானக் கட்டணம் மலிந்த வழியில் சென்றுவிட்டு, காப்பாற்றவில்லையே என்று அவனை நோவதில் நியாயமில்லை.

பழனிக்கு நடப்பது மலையை அடைவதற்காக மட்டுமன்று. நடந்து சென்ற கால்களோடு நலமாக ஊர் திரும்பி, அடுத்த விழாவில் மீண்டும் அண்டா தூக்கவும் இரதத்துடன் செல்லவும் உடம்பில் வலுவோடு நிற்பதும் அந்த வேண்டுதலின் பகுதியே. இவ்வாண்டு நடக்க எண்ணியிருப்போர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்டட்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டிய கையோடு மருத்துவரையும் கண்டு வரட்டும். அதன்பின் விரதமிருந்து, பையெடுத்து, தை மாதத்துப் பனியில் அரோகரா முழக்கத்தோடு அடியெடுத்து வைப்பார்களாக. தண்டாயுதபாணி துணை நிற்பான்.